படத்தைப் பார்த்துச் சொல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆளைத் தொட்டியை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். மூணாந்தொட்டி என்றால் அவள். பதினோரு வருஷமாக அந்தத் தொட்டியின் ஆவியில் அவள் முகமும் கையும் வெந்துகொண்டிருந்தன. விரல் நுனியில் ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை; சலவைச் சோடா தின்றுவிட்டது. எப்போதோ ஒரு தாளில் கைநாட்டு வாங்கிய அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா இது, கோலிக்குண்ட வச்சு அழுத்தின மாதிரி இருக்கு" என்றார். அதிலிருந்து யார் ஒப்பம் கேட்டாலும் மூன்று கோடு இழுத்துவிடுவாள். அவள் தொட்டியில் வெளுத்த விரிப்புகளின் ஓரத்தில் போடும் குறியும் அதுதான்.

காலை ஆறு மணிக்கெல்லாம் வார்டுகளிலிருந்து மூட்டைகள் வந்து விழும். பிரித்து உதறி, ரத்தம் பட்டதைத் தனியாக ஒதுக்கிப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அவசரத்தில் கொதிநீரில் போட்டுவிட்டால் கறை சுட்டுக்கொண்டு துணியோடு தங்கிவிடும். பிறகு எத்தனை முறை வெளுத்தாலும் பழுப்பாகத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் அந்தத் தப்பைச் செய்து வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அவளும் செய்திருக்கிறாள்.

அந்த மழைக்காலத்தில் சலவைக்கூடத்தின் பேச்செல்லாம் ஒரு படகைப் பற்றியே இருந்தது.

"என்னடி மூணாந்தொட்டி, நேத்து எங்க போய் நின்னுச்சு படகு?" என்று இஸ்திரி மேசையிலிருந்து அக்கா கேட்பாள். வயதில் மூத்தவள், குரலில் அதைவிட மூத்தவள்.

"அணைக்கட்டுப் பக்கம் போயிடுச்சுக்கா. மதகத் திறக்குறவன் விட மாட்டேன்னுட்டான்."

"அந்த வாத்து?"

"அது அவன் காலக் கொத்திருச்சு."

"நல்லா கொத்தட்டும். நம்ம மூட்டைக்குச் சீட்டு எழுதுறவரையும் ஒரு நாள் வந்து கொத்திட்டுப் போச்சுன்னா புண்ணியமாப் போகும்."

ஆற்றில் பரிசல்துறை ஒன்றில் வளரும் தாயில்லாப் பெண். மரக்கட்டைத் தெப்பத்தோடு போய்த் திரும்பி வராத அப்பா. ஒற்றைக் கண் வாத்தைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு அவரைத் தேடிப் போகிற படகு. இதுதான் கதை. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர், பாடப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு இந்த நாவலை வைத்து வாசிப்பு சொல்லித் தந்துகொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம், முறை வைத்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் அரைப்பக்கத்துக்குப் படம். வீட்டில் பெரியவர் ஒருவருக்குப் பத்து நிமிஷம் வாசித்துக் காட்டி, அதற்கென்று கொடுத்த அட்டையில் ஒப்பம் வாங்கி வர வேண்டும். மூணாந்தொட்டியின் மகளின் அட்டையில் இடம் கொள்ளாமல் மூன்று கோடுகள் நிறைந்திருந்தன.

மகளுக்குப் பத்து வயது. வாய் ஓயாது, தெருவில் 'ரேடியோ' என்பார்கள். சாயங்காலம் அம்மா ஈரம் ஊறிய காலை நீட்டிச் சுவரில் சாய்ந்ததும் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு தொடங்குவாள். தடுக்காது, திக்காது. மதகுக்காரனுக்கு ஒரு குரல், வாத்துக்கு ஒரு குரல். சில நாள் கதை பத்து நிமிஷத்தைத் தாண்டி அடுப்பில் வைத்ததைத் தீய வைத்துவிடும்.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் மூணாந்தொட்டியின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க பொண்ணு மாதிரி யூகிக்கிற பிள்ளை என் கிளாஸ்ல இல்லம்மா. தெரியாத வார்த்தை வந்தா மத்ததுங்க முழிச்சுக்கிட்டு நிக்கும். நான் சொல்வேன், படத்தப் பாரு, முன்னாடி என்ன நடந்துச்சுன்னு யோசி, என்ன வந்தா பொருந்தும்னு பாருன்னு. இவ பட்டுன்னு சொல்லிடுவா. அடுத்த அத்தியாயத்துல என்ன வரும்னுகூடச் சரியாச் சொல்றா."

அந்தச் சொற்களை ஒன்றுவிடாமல் கொண்டுவந்து சலவைக்கூடத்தில் அவிழ்த்தாள். சீட்டு எழுதுபவர் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் மரமில்லில் இருபது வருஷம் தூளைச் சுவாசித்தவர். ஒரு வருஷமாக மலைமேல் உள்ள நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் படுக்கை. ஓர் இரவு ரயில், பிறகு அரைநாள் பஸ். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் பார்க்க விடுவார்கள். நடுவில் ஒரு தபால் கார்டு வரும். அவர் சொல்லச் சொல்ல வார்டு நர்ஸ் எழுதுவது. இங்கே அதைப் படித்துச் சொல்ல மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுபவரை விட்டால் ஆளில்லை. அவரோ மேடையில் நிற்கிற மாதிரி நின்று, கூடமே கேட்கப் படிப்பார். போன கோடையில் வந்த கார்டில் 'நீ பக்கத்தில் இல்லாமல் தூக்கம் வரவில்லை' என்று ஒரு வரி. அவர் அதை இரண்டு தரம் படித்தார். அடுத்த இரண்டு மாதம் அவள் விரிப்பை மடிக்கும்போதெல்லாம் எதிர்ப்புறம் பிடிக்கிறவள், "தூக்கம் வரலையாம்ல" என்பாள். புளியங்கொட்டை மாதிரி சிரிப்பு உருளும். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் இனி ஒரு கார்டைக்கூட அந்த ஆள் கையில் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தாள். அதன்பிறகு வந்தவற்றை முதல் ஞாயிறு கையோடு எடுத்துப்போய் அவரையே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கார்டு வந்தது. இதுவரை வந்தவை வெறும் தபால் கார்டுகள். இது அச்சடித்த தடித்த அட்டை. மேலே நடுவில் ஆஸ்பத்திரியின் முத்திரை: ஒரு மலை, அதன் பின்னாலிருந்து கதிர் விரித்து எழும் சூரியன். அதன் கீழே அச்செழுத்து நாலு வரி, அப்புறம் நர்ஸின் நீல மை.

"ரேடியோ, இங்க வா. அப்பா கார்டு."

மகள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி, எழுத்து புரியலையா?"

"இரும்மா, படிச்சுக்கிட்டு இருக்கேன்ல." பிறகு தொடங்கினாள். "நான் நல்லா இருக்கேன். இருமல் கொறஞ்சிருச்சு. இப்ப என் கட்டில ஜன்னல் பக்கத்துல போட்டிருக்காங்க. காலையில வெயில் மேல விழுது. ஒரு பறவ தினமும் வந்து உக்காருது. டாக்டர் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு சொல்றார். நீங்க ரெண்டு பேரும் அலைய வேண்டாம். முதல் ஞாயித்துக்கெழம வந்தா போதும்."

"அவ்ளோதானா?"

"உடம்பப் பாத்துக்கன்னும் போட்டிருக்கு."

அவள் கார்டை வாங்கி எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். சோடா தின்ற விரலுக்கு மையின் மேடு பள்ளம்கூடத் தெரியவில்லை. "ஜன்னல் பக்கமா? காத்து அடிக்குமே. கம்பளி கேட்டு வாங்கத் தெரியாது அந்த மனுஷனுக்கு" என்றாள். அந்த வாரமே வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கட்டிலைத் தூளும் புகையும் வராத மூலைக்கு நகர்த்தினாள்.

முதல் ஞாயிற்றுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மகளை இஸ்திரி அக்கா வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறினாள். ஞாயிறு மதியம் வார்டுக்குள் நுழைந்தபோது ஜன்னலோரக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார். பழைய இடத்துக்குப் போனாள். கதவைப் பார்த்த அந்தக் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு நன்றாக வெளுத்திருந்தது. நீலம் மட்டும் கொஞ்சம் கூடுதல் என்று முதலில் தோன்றியது அவளுக்கு. அப்படித் தோன்றியதை நினைத்துப் பின்னால் பல நாள் கூசினாள்.

நர்ஸ் அவளை அடையாளம் கண்டு எழுந்து வந்தாள். சின்னப் பெண்.

"இப்பதான் வரீங்களா?"

"முதல் ஞாயித்துக்கெழமதானே விடுவீங்க."

"கார்டு போட்டோமே. உடனே வாங்க, எந்நேரமும் பாக்க விடுவோம், கூடத் தங்கலாம்னு. நான்தான் எழுதினேன். வரலையா?"

"வந்துச்சு" என்றாள். "என் பொண்ணு படிச்..." மீதி வாயிலேயே நின்றுவிட்டது.

"கார்டு போட்டதுக்கு அப்புறம் பதினெட்டு நாள் இழுத்துக்கிட்டு இருந்தாரும்மா. இந்தப் பக்கம் திரும்பித்தான் படுப்பாரு. யார் கதவத் தள்ளுனாலும் தலையத் தூக்குவாரு. வியாழக்கிழமை விடியும்போது போயிட்டாரு. அதுக்கு மேல வச்சிருக்க எடமில்ல. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி அடக்கம் பண்ணிட்டாங்க. அதுக்கும் கார்டு போட்டிருக்கோம்."

ஒரு துண்டு, ஒரு சீப்பு, பாதி தேய்ந்த சோப்பு. பதிவேட்டில் ஒப்பம் கேட்டார்கள். மூன்று கோடு இழுத்தாள்.

திரும்பும் ரயிலில் அவள் அழவில்லை. கார்டு தப்பு என்று நினைத்துப் பார்த்தாள். நர்ஸ் மறந்துபோய்ச் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள். குழந்தை எதையோ மறைத்துவிட்டது என்று நினைத்தபோது மட்டும் மடியிலிருந்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். குழந்தைக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்த வழி நெடுக ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கள் சாயங்காலம் வீட்டு வாசற்படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு தடித்த அட்டை.

"அம்மா, அப்பா திரும்பவும் கார்டு போட்டிருக்கார். அக்கா வீட்டுலேருந்து நானே வந்து எடுத்தேன். படிக்கட்டுமா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். "படி" என்றாள்.

"நான் இன்னும் நல்லா ஆயிட்டேன். இப்ப வெளிய நடக்குறேன். வெயில் நல்லா அடிக்குது. மல மேலேருந்து பாத்தா நம்ம ஊர் வரைக்கும் தெரியுற மாதிரி இருக்கு. சீக்கிரமே பெட்டியக் கட்டிக்கிட்டு..."

குரல் மதகுக்காரனுக்கும் வாத்துக்கும் வருகிற அதே குரல். தடுக்கவில்லை, திக்கவில்லை. மூணாந்தொட்டி மகளின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மகளின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் எழுத்துப் பக்கம் இறங்கவே இல்லை. அட்டையின் மேலே, மலைக்குப் பின்னால் எழும் சூரியனிலேயே நின்றுகொண்டிருந்தது.

முழுவதும் படிக்க விட்டாள். பிறகு கார்டை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா போயிட்டாரு கண்ணு."

மகளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஆனா கார்டுல..."

"அது முன்னாடியே எழுதிப் போட்டது. நல்லாத்தான் இருந்திருக்கார். திடீர்னு ஆயிடுச்சு. யாராலயும் ஒண்ணும் பண்ண முடியலையாம்."

மகள் அவள் மடியில் முகத்தைப் புதைத்தாள். அழுதாள். அந்த அழுகைக்கு நடுவில் ஒரு தரம் தலையை நிமிர்த்தி, ரவிக்கையில் துருத்திக்கொண்டிருந்த அட்டையின் முனையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பயம் அப்பா செத்ததற்கான பயம் இல்லை. அம்மா அதைப் பார்க்காத மாதிரி அவள் தலையை மறுபடி மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மதியம், பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வகுப்பறைக்குள் போய் இரண்டு கார்டுகளையும் மேசைமேல் வைத்தாள்.

"படிங்க டீச்சர்."

டீச்சர் மனதுக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்குக் கேக்குற மாதிரி படிங்க. முதல்ல வந்தத."

"நோயாளியின் நிலை மோசமாக உள்ளது. நெருங்கிய உறவினர் உடனே வரவும். பார்வை நேரக் கட்டுப்பாடு இல்லை." டீச்சர் தண்ணீர் குடித்தாள். "அதுக்குக் கீழ அவர் சொன்னது. 'சீக்கிரம் வா. அவளையும் கூட்டிட்டு வா. நீ சொன்ன அந்தப் படகுப் புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்க. அவ படிக்கட்டும். என்னால பேச முடியல. நான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தா போதும்.'"

வெளியே பிள்ளைகள் குழாயடியில் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது.

"இத எம் பொண்ணு எனக்கு வேற மாதிரி படிச்சா. உடம்பு நல்லாயிருச்சு, வெயில் அடிக்குது, பறவ வருதுன்னு."

"இருக்காதும்மா. நல்லா வாசிக்கிற பொண்ணு. எதுக்குப் பொய் சொல்லப் போறா?"

"பொய் சொல்லல. படிச்சா" என்றாள். விரலை எடுத்து சூரியன் மேல் வைத்தாள். "இத."

டீச்சர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, புத்தகத்தின் இன்னும் நடத்தாத அத்தியாயத்தைத் திறந்தாள். படத்தின் மேல் ஒரு தாளை வைத்து ஓரங்களை மடித்துச் செருகினாள். மூணாந்தொட்டி வெளியே போய் ஜன்னலோரம் சுவரில் ஒண்டிக்கொண்டாள். டீச்சர் மகளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இந்தப் பக்கத்தப் படி."

மகள் பார்த்தாள். "படகு கரைக்கு வந்துச்சு. அந்தப் பொண்ணு..." நிறுத்தினாள். டீச்சரின் முகத்தில் விடை இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இந்த வார்த்தை என்ன?"

மகளின் கண் வார்த்தையைத் தாண்டி, மேலே மூடியிருந்த தாளுக்குப் போனது.

"சரி, இந்தச் சின்ன வார்த்தை. எழுத்துக் கூட்டு."

மகளின் விரல் தாளின் ஓரத்தைத் தொட்டது. "படத்தக் காட்டுங்க டீச்சர், சொல்லிடுறேன்."

மகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு டீச்சர் ஜன்னலுக்கு வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நான்தான் சொல்லிக் குடுத்தேன். யூகின்னு நான்தான்... கிளாஸ்ல நான் படிக்கிறத ஒரு தடவ கேட்டா அவளுக்கு மனசுல நின்னுடும். நான் அவள எழுத்துக் கூட்டச் சொல்லிப் பாக்கவே இல்ல. கேக்க நல்லா இருந்துச்சேன்னு..."

"எனக்குந்தான் நல்லா இருந்துச்சு. அழாதீங்க. நீங்க அழுதா எனக்கும் வந்துடும், ஒரு மணிக்கு நான் தொட்டிக்குப் போகணும்." கம்பிக்கு வெளியே நின்றபடியே பேசினாள். "ரெண்டு காரியம் வேணும். அவளுக்குப் படிக்கத் தெரியணும். நெஜமா. எழுத்தெழுத்தா. அடுத்தது, இந்தக் கார்டுல என்ன இருந்துச்சுன்னு அவளுக்கு என்னைக்கும் தெரியக்கூடாது. உங்ககிட்ட வந்து கேப்பா. கேட்டா, அவ படிச்சதுதான் இருந்துச்சுன்னு சொல்லணும்."

"நான் எப்படிம்மா அப்படி..."

"சொல்லணும் டீச்சர்."

டீச்சர் தலையை ஆட்டினாள்.

"அப்போ கீழ இருக்கிறத மட்டும் இன்னொரு தடவ படிங்க. அவர் சொன்னத."

படித்தாள். இன்னொரு தடவை என்றாள். நாலாவது தடவை டீச்சர் படிக்கப் படிக்க மூணாந்தொட்டியின் உதடும் கூடவே அசைந்தது. ஐந்தாவது தடவை டீச்சர் வாயை மூடிக்கொண்டாள். இவள் தனியாகச் சொல்லி முடித்தாள். ஒரு சொல் பிசகவில்லை.

அன்று மத்தியானம் தொட்டி நன்றாகக் கொதிக்கும்வரை காத்திருந்தாள். இரண்டு அட்டைகளையும் நாலாகக் கிழித்து உள்ளே போட்டுத் துடுப்பால் அழுத்தினாள். அச்சு மை கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தது. நீல மை உடனே கரைந்தது. இஸ்திரி அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "துடுப்ப இங்க குடு, நீ போய் உக்காரு" என்றாள்.

"இருக்கட்டும்க்கா. இன்னும் சூரியன் கரையல."

அக்காவுக்கு அது விளங்கவில்லை. துக்கத்தில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டாள்.

அதன்பிறகு சலவைக்கூடத்தில் படகைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மகள் தினமும் பள்ளி விட்டு ஒரு மணி நேரம் டீச்சரோடு உட்கார்ந்தாள். வீட்டிலும் வாய் அடங்கிவிட்டது. தெருவில் பழைய பழக்கத்தில் யாராவது 'ரேடியோ' என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. சாயங்காலம் புத்தகத்தை எடுத்து, முதல் அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து, விரலை ஊன்றி ஊன்றிப் படித்தாள். மதகுக்காரன் குரல் இல்லை, வாத்துக் குரல் இல்லை. கல்லுடைக்கிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது. பத்து நிமிஷத்தில் நாலு வரி. கேட்கச் சகிக்காத அந்த வாசிப்பைக் கேட்டு அம்மா அட்டையில் மூன்று கோடு இழுத்தாள்.

மழை முடிந்து, வெயில் ஏறி, விரிப்புகள் ஒரே நாளில் காயத் தொடங்கின. ஒரு சாயங்காலம் மகள் ஒரு பக்கத்தை முழுவதும் நிறுத்தாமல் படித்து முடித்தாள். முடித்துவிட்டு நிமிராமலே கேட்டாள்.

"அம்மா, அப்பாவோட அந்தக் கார்ட எடேன். இப்ப எனக்குப் படிக்க வரும்."

"அதுவா. ரவிக்கையில வச்சிருந்தேன்ல, மறந்தாப்ல துணியோட தொட்டியில போயிடுச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான்." அம்மா காலை மடக்கி உட்கார்ந்தாள். "போனா என்ன? எனக்கு மனப்பாடம். நான் நல்லா இருக்கேன். இருமல் கொறஞ்சிருச்சு. இப்ப என் கட்டில ஜன்னல் பக்கத்துல போட்டிருக்காங்க. காலையில வெயில் மேல விழுது. ஒரு பறவ தினமும் வந்து..."

"அது நான் சொன்னதும்மா."

அம்மா புத்தகத்தின் மடங்கிய முனையை நீவிவிட்டாள்.

"கார்டுல இருந்ததும் அதான்" என்றாள் அம்மா. "வேணும்னா டீச்சரக் கேளு."

"கேட்டுட்டேன்" என்றாள் மகள். "அவங்களும் இதேதான் சொன்னாங்க. பறவை வர்ற எடத்துல அழுதுட்டாங்க."

மகள் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகு எப்போதுமே கேட்கவில்லை. பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த அத்தியாயத்தின் தலையில் படம் இருந்தது. இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் பொத்தினாள். வலது கை விரலை முதல் எழுத்துக்கு அடியில் வைத்தாள்.

"ம், படி" என்றாள் அம்மா. சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கினாள்.